அழாத பிள்ளைக்கு முதல் வண்டி

ஆகஸ்ட் 6

ஒட்டடைக்குச்சிக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட நினைத்திருப்பாய். கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. போன் செய்திருக்கலாம்தான். ஆனால் நமக்குள் எல்லாம் கெட்டது போனில்தானே, அதனால் கடிதம்.

தலைமையகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நான் உங்கள் ராணுவத்தின் திட்டப் பிரிவில் சீருடை போட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் குப்பை கொட்டியபோது செய்த சரக்கு அட்டவணையை, இனி மலைப்பகுதி முழுவதற்கும் ஆணையாக்கப் போகிறார்களாம். அக்டோபர் பதினெட்டாம் தேதி மேடை போட்டு எனக்கு விருது தருகிறார்கள். எங்கள் பல்கலைக்கழகமும் சும்மா இருக்குமா? ஆய்வுக்கூடத்துக்கு என் பெயரை வைக்கப் போகிறார்கள். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்றால் என்ன என்று இருபது வருஷமாகச் சொல்லியும், அவளுக்கு நான் இன்னமும் ஏதோ ஆஸ்பத்திரி உத்தியோகம்தான்.

விழா மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க என் பழைய தாள்கள் வேண்டும் என்று கேட்டார்கள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். மலை மேலிருக்கிற பன்னிரண்டு சாவடிகள் ஐந்து வருஷம் வாராவாரம் வயர்லெஸ்ஸில் சொன்ன கையிருப்புக் கணக்கு. மாவு எத்தனை நாளுக்கு, மண்ணெண்ணெய் எத்தனை நாளுக்கு என்கிற அந்த மஞ்சள் படிவங்கள்தான். அழகாக இருக்கிற நாலைந்தைப் பொறுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பனிமலைப் படிவங்கள் என்று தலைப்பு வைக்க ஆசைப்பட்டு, குளிர்காலத்துத் தாள்களைத் தனியாக எடுத்து அடுக்கினேன்.

அவ்வளவுதான். எட்டு வருஷமாக என் கண்ணில் படாதது அப்போது பட்டது.

உனக்குத் தெரியும், படிவம் வராத வாரங்களை நான் 'குறை இல்லை' என்று எடுத்துக்கொண்டேன். சும்மா எடுக்கவில்லை. அப்படி 214 வெற்று வாரங்கள். அடுத்த வண்டி போய்ப் பார்த்தபோது அதில் 176 தடவை சரக்கு நிறைய இருந்தது. வயிறு நிறைந்தவன் படிவம் அனுப்பச் சோம்பல் படுகிறான் என்று எழுதினேன், எல்லாரும் கை தட்டினார்கள். நான் அந்தத் தாள்களைச் சாவடி வாரியாகத்தான் அடுக்கினேன், மாத வாரியாக அடுக்கவே இல்லை. குளிர்காலத்தில் மட்டும் வெற்று வாரம் 42. அதில் 29 தடவை சரக்கு தீர்ந்துபோய்த்தான் கிடந்திருக்கிறது. பத்தில் ஏழு.

கோடைக்காலத்துச் சோம்பேறிகள் குளிர்காலத்துப் பட்டினியை மறைத்துவிட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவன் இதைச் செய்திருந்தால் தாளைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பேன்.

ஏழாம் சாவடியைப் பற்றி இப்போது எழுதவில்லை. எழுத வரவில்லை. எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் என் அட்டவணையைப் பயன்படுத்தாதே. கடந்த மூன்று குளிர்காலத்தின் வெற்று வாரக் கணக்கை உன் டிப்போவிலிருந்து அனுப்பு. கணவாய் மூட இரண்டு மாதம்தான் இருக்கிறது.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 19

புரொபசர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறீர்கள். செய்யுங்கள், உடம்புக்கு நல்லது.

மூன்று வருஷத்தில் நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு வரி கேட்டாயா? பதில் எழுதாதவன் நலமாகத்தான் இருப்பான் என்று அங்கேயும் உன் அட்டவணையைத்தான் போட்டிருப்பாய்.

ஏழாம் சாவடியைப் பற்றி எழுத வரவில்லையாம். நான் எழுதுகிறேன். ஜனவரி மாதம். ஏழாம் சாவடியிலிருந்து எட்டு நாளாகப் படிவம் இல்லை. அட்டவணையில் குறை பூஜ்யம். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியில் சரக்கேற்றி, இன்ஜினை ஓடவிட்டு, உனக்குப் போன் செய்தேன். "அக்கா, ஏழு பேச மாட்டேங்குது, அனுப்பட்டுமா?" என்றேன். நீ அன்று தலைமையகத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தாய். "மனசைக் கேக்காதடா, அட்டவணையை நம்பு. பேசலன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்" என்றாய். நான் இன்ஜினை அணைத்தேன். பிறகு அதே வண்டியை ஐந்தாம் சாவடிக்கு அனுப்பினேன். ஐந்தில் இருந்தவன் தினமும் இரண்டு வேளை வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஊறுகாய் தீர்ந்துவிட்டதாம்.

அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். அதைத்தான் நீ ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதியிருந்தாய்.

பதினொரு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். பத்தொன்பதாவது நாள் வயர்லெஸ்காரர் செத்த பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கினார், அதற்குச் சூடேற்றினால் உயிர் வரும் என்று. கால்விரல் மூன்று போயிற்று. விசாரணையில் நீ எழுந்து நின்று, "அட்டவணையில் பிழை இல்லை, படிவம் அனுப்பாததுதான் பிழை" என்றாய். தீர்ப்பும் அதுதான். அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதை. நீ மாலை மரியாதையோடு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினாய்.

அந்தப் போன் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்டதும் இல்லை.

இப்போது டிப்போ என் பொறுப்பு. அட்டவணை இங்கே ஆணை. அதை மீறினால் என்னைத் தூக்குவார்கள். நவம்பரில் என் பதவி உயர்வு வேறு வருகிறது. ராணுவக் கணக்கை வெளியாளுக்கு அனுப்ப அனுமதி இல்லை. நீ இப்போது வெளியாள்.

இனி எழுத வேண்டாம்.

மேஜர் (உன் தம்பியாக இருந்தவன்)

&nbsp;

செப்டம்பர் 2

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சொன்ன பேச்சைக் கேட்காதது நம் குடும்ப வியாதி.

உன் கடிதத்தில் எந்த வரியையும் நான் மறுக்கவில்லை. அட்டவணையை நம்பு என்றேன். விசாரணையில் எழுந்து நின்று சொன்னேன். அப்போது எனக்கு அந்தக் கணக்கு சரியாகவே பட்டது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. அது பிழையாக இருந்தால் நான் என்ன ஆவேன் என்ற பயமும் இருந்தது. நீ போன் விஷயத்தைச் சொல்லாமல் இருந்தது உன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்று மூன்று வருஷம் நினைத்தேன். என்னைக் காப்பாற்ற என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. மன்னித்துவிடு. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, எனக்கு இதில் பழக்கம் இல்லை.

போன வாரம் அந்த வயர்லெஸ்காரரைத் தேடிப் போனேன். கடைத்தெருவின் கடைசியில் ரேடியோ, மின்விசிறி, மிக்ஸி எல்லாம் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை. நான் யார் என்று சொன்னேன். சின்னக் கம்பியைப் பிடித்திருந்த சாமணத்தைக் கீழே வைக்காமல், "தெரியும்மா. விசாரணையில உங்க குரலைக் கேட்டிருக்கேன்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

ஏன் படிவம் அனுப்பவில்லை என்று அன்று எல்லாரும் கேட்டார்களே, நான் கிளம்பிய பிறகு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கும் பேட்டரி வேணுமேம்மா."

எனக்கு முனைவர் பட்டம் இருக்கிறது. பத்து வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் என் நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பேட்டரி போன அன்றிலிருந்து தினமும் படிவத்தில் சொல்ல வேண்டியதைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார், பத்தொன்பது நாளும். விசாரணையில் கொடுத்தாராம், யாரும் திறக்கவே இல்லையாம். அங்கேயே நின்றபடி முழுவதையும் நகல் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் உனக்கும் எழுதுகிறேன்.

'முதல் நாள். மாவு பதினொரு நாளுக்கு. மண்ணெண்ணெய் எட்டு நாளுக்கு. பேட்டரி இல்லை. அனுப்பவில்லை.'

'ஆறாம் நாள். மாவு ஆறு நாளுக்கு. பேட்டரியை அடுப்புப் பக்கத்தில் வைத்ததில் ஒரு நிமிடம் விளக்கு எரிந்தது. கூப்பிட்டேன். கேட்டதா தெரியாது.'

'எட்டாம் நாள். கீழே ஒரு வண்டிச் சத்தம். எங்களுக்கு என்று நினைத்தோம். ஐந்தாம் சாவடிப் பக்கம் திரும்பிவிட்டது.'

'பன்னிரண்டாம் நாள். மாவு முடிந்தது. சமையல்காரர் டீத்தூளை எண்ணி எண்ணிப் போடுகிறார்.'

'பதினாறாம் நாள். சமையல்காரர் இல்லை. இன்று ஆள் பத்து.'

'பத்தொன்பதாம் நாள். ஆள் ஒன்பது. நான் இறங்குகிறேன்.'

இந்த நோட்டைப் பற்றித் தலைமையகத்துக்கு எழுதினேன். வெற்று வாரத்தைப் பூஜ்யமாக எடுப்பதை மாற்றாமல் அட்டவணையை ஆணையாக்க வேண்டாம், நானும் விருது வாங்க மாட்டேன் என்று எழுதினேன். உங்கள் வெள்ளை மீசை ஜெனரலிடமிருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. விருது முடிவாகிவிட்டதாம். திருத்தம் இருந்தால் முறைப்படி அனுப்பலாம், அடுத்த ஆண்டு மறுபரிசீலனைக்கு வரும் என்கிறார். அடுத்த ஆண்டாம்! எங்கள் துறைத் தலைவரோ கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "மேடம், பெயர்ப் பலகை எழுதியாச்சு, இப்ப போய்..." என்று இழுக்கிறார்.

பலகை எழுதியாயிற்றாம். அவர்களுக்குப் பலகைதான் கவலை. நான் விடப்போவதில்லை.

அம்மா உன்னைக் கேட்டாள். நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும், "திட்டி எழுதினானா? அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்றாள்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 14

அக்கா,

அந்த எட்டாம் நாள் வண்டி நான் திருப்பிவிட்ட வண்டி. அவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மூன்று நாளாக அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ராணுவக் கணக்கை உனக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னது சொன்னதுதான். இது வெறும் குடும்பக் கடிதம். நம் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற புண்ணியவான் யாராவது இருந்தால் அவருக்கும் என் வணக்கம். ஒரு பெரிய வீட்டுக் கதை சொல்கிறேன், கேள்.

அந்த வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருத்தனை விட்டு ஒருத்தன் தள்ளித் தள்ளி மலை மேல் குடியிருக்கிறான்கள். வாராவாரம் அழுது காட்ட வேண்டும், அழுதவனுக்குத்தான் பால். போன மூன்று குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் ஏதாவது ஒரு பிள்ளை அழாமல் இருந்தது பதினெட்டு தடவை. பிறகு யாராவது போய்ப் பார்த்தபோது, பன்னிரண்டு தடவை அடுப்பு அணைந்து கிடந்தது. மீதி ஆறு தடவை தடியன்கள் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்கள். மூன்றாவது பிள்ளையும் ஒன்பதாவது பிள்ளையும்தான் அடிக்கடி வாயை மூடுகிறவர்கள். மூன்றாமவனுக்கு உண்மையிலேயே தொண்டை கட்டும், அங்கே காற்று அப்படி. ஒன்பதாமவன் பரம சோம்பேறி. ஏழாமவன் அந்த வருஷத்துக்குப் பிறகு வாரம் தவறாமல் அழுகிறான். பயந்துபோயிருக்கிறான்.

கதை அவ்வளவுதான். இதை வைத்து யாராவது கணக்குப் போட்டால் நான் பொறுப்பில்லை.

போன் விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று நீயே கண்டுபிடித்துவிட்டாய். ஆனால் ஒன்று. நான் சொல்லாமல் இருந்ததால்தான் அந்த மனிதர் வேலையை இழந்தார். நீ படித்து முடித்து, பாடம் நடத்தி, பிறகு சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, அக்கா போகிற இடத்துக்கு நானும் போவேன் என்று ராணுவத்தில் சேர்ந்தவன் நான். உன் பெயர் கெட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்தேன். அவருடைய பெயரைப் பற்றி யோசிக்கவில்லை.

இங்கே காற்று மாறிவிட்டது. இந்த வருஷம் பனி சீக்கிரம் வரும் என்கிறார்கள் ஓட்டுநர்கள். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

ஒட்டடைக்குச்சி

&nbsp;

செப்டம்பர் 25

டேய் தம்பி,

குடும்பக் கதை நன்றாக இருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எந்த வீடுடி அது, பெத்தவ எங்க போனா?" என்று கேட்டாள்.

பதினெட்டுக்குப் பன்னிரண்டு. என் பழைய தாளில் நாற்பத்திரண்டுக்கு இருபத்தொன்பது. இரண்டும் ஒரே பேச்சுதான் பேசுகின்றன. நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். முன்பு நாற்பது பக்கம் எழுதினேன், இப்போது இரண்டு வரி போதும்.

'அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, ஏழு நாள் பேசாத சாவடிக்கு முதல் வண்டி. மற்றவர்களுக்கு அதற்குப் பிறகு.'

மூன்று வண்டியில் ஒன்று வீணாகப் போகும், அதையும் எழுதியிருக்கிறேன். வீணாகப் போகிற வண்டியை மிச்சம் பிடித்துத்தான் முன்பு நான் பாராட்டு வாங்கினேன். இனி அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம்.

விழாவுக்குப் போகப் போகிறேன். முறைப்படி அனுப்பினால் அடுத்த ஆண்டு. மேடையில் சொன்னால் அன்றே. அவர்களே பேசக் கூப்பிட்டு, மைக்கும் தருகிறார்கள். ஏற்புரைக்குப் பதிலாக அந்த நோட்டைப் படிக்கப் போகிறேன். வயர்லெஸ்காரரிடம் அனுமதி கேட்டேன். "படிங்க. ஆனா ஒரிஜினலைக் கேட்டா குடுக்காதீங்க. ஒரு தடவை குடுத்துட்டுப் பட்டது போதும்" என்றார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்.

நோட்டுக்குப் பிறகு அந்தப் போன் பேச்சையும் சொல்ல நினைக்கிறேன். என் வாயால் நான் சொன்னதை நானே சொல்லாவிட்டால், மற்றதெல்லாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் அதைச் சொன்னால் உன் தலையும் உருளும். விசாரணையில் மறைத்தாய் என்பார்கள். நவம்பர் பதவி உயர்வு போகும். அது உன் வாழ்க்கை. உன்னைக் கேட்காமல் ஒரு தடவை முடிவெடுத்தேன், போதும். சொல் என்றோ சொல்லாதே என்றோ ஒரு வார்த்தை எழுது.

மௌனம் சம்மதம் என்பார்கள். நான் இனி அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். பத்து நாளில் உன் பதில் வரவில்லை என்றால் அங்கே வந்து நிற்பேன்.

அக்கா

&nbsp;

அக்டோபர் 9
டிப்போ வாசல்

தம்பி,

பதில் வரவில்லை, வந்துவிட்டேன். பதினாலு மணி நேரம் பஸ்ஸில் இடுப்பு ஒடிந்தது. வாசலில் இருக்கிற காவலாளி உன்னைவிடக் கறார். நீ நேற்றுக் காலையில் மேலே போயிருக்கிறாயாம், எங்கே என்று சொல்லக் கூடாதாம், எப்போது வருவாய் என்று தெரியாதாம். நான் இங்கே ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் என்றேன். "அப்ப உங்களுக்கே ரூல்ஸ் தெரியும்மா" என்றான். சரிதான்.

அவனுடைய முக்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே ஒரு ஜீப்பைக் கழுவுகிறார்கள். நான் அட்டவணை போட்ட அறையின் ஜன்னல் இங்கிருந்து தெரிகிறது. அந்த ஒன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஒரு சாவடிக்கும் ஏறிப் போனதில்லை, உனக்குத் தெரியுமா? என் வேலை தாளோடு என்று இருந்துவிட்டேன்.

நீ சொல் என்று சொல்லாதவரை உன்னைப் பற்றி மேடையில் வாய் திறக்க மாட்டேன். 'ஓர் அதிகாரி கேட்டார், அட்டவணையை நம்பு என்றேன்' என்று என் பங்கை மட்டும் சொல்வேன். எந்த அதிகாரி என்று கேட்டால் சொல்ல மாட்டேன். என்ன செய்துவிடுவார்கள்?

மலைப்பக்கம் ஒரே வெள்ளையாக இருக்கிறது. பத்திரமாக இறங்கி வா.

அக்கா

&nbsp;

அக்டோபர் 18

தம்பி,

விழா முடிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளை மீசை என்னைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். சால்வை, கேடயம், புகைப்படம். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். "இது என் உரை இல்லை. ஏழாம் சாவடியிலிருந்து மூன்று வருஷம் தாமதமாக வந்த படிவம்" என்று சொல்லிவிட்டு முதல் நாளில் ஆரம்பித்தேன்.

நாலாம் நாள் வரை கவிதை படிக்கிறேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. எட்டாம் நாள், அந்த வண்டிச் சத்தம் வந்ததும் முன்வரிசையில் இருந்த தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பன்னிரண்டாம் நாள் மாவு முடிந்தபோது மைக்கும் முடிந்தது. யாரோ அணைத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சு வரை கத்திப் பழகிய தொண்டை எனக்கு. மைக் இல்லாமலே பத்தொன்பதாம் நாள் வரை படித்தேன். பிறகு என் பிழையை, எப்படி அடுக்கினேன், எதை அடுக்கவில்லை என்று பாடம் நடத்துகிற மாதிரி சொன்னேன். போனில் நான் சொன்னதையும் சொன்னேன். எந்த அதிகாரி என்று வெள்ளை மீசை அங்கேயே கேட்டார். "அந்த அதிகாரிதான் சரி. நான்தான் தப்பு. உங்களுக்குத் தேவையான பெயர் என்னுடையது" என்றேன். கேடயத்தை மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினேன். சால்வையை மறந்துபோய்ப் போர்த்திக்கொண்டே வந்துவிட்டேன், திருப்பி அனுப்ப வேண்டும்.

பின்வரிசையில் வயர்லெஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அழைப்பில்லாமல் எப்படி உள்ளே வந்தார் என்று கேட்டேன். "மைக் செட்டு நம்ம கடை வாடகைம்மா. அணைச்சது நான் இல்ல" என்றார். அன்றைக்கு முழுக்க அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

பல்கலைக்கழகத்தில் இன்றே பலகையை இறக்கிவிட்டார்களாம். இறக்கட்டும். வகுப்பை யாராலும் இறக்க முடியாது. திங்கட்கிழமை போய் இந்தப் பிழையைத்தான் முதல் பாடமாக எடுக்கப் போகிறேன்.

உன்னிடமிருந்து இன்னும் ஒரு வார்த்தையும் இல்லை. அம்மா வாசலையே பார்க்கிறாள். நானும்தான்.

அக்கா

&nbsp;

அக்டோபர் 27

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அம்மாவிடம் சொல்.

உன் செப்டம்பர் கடிதம் வந்த சமயம் ஒன்பதாம் சாவடி ஒன்பது நாளாகப் பேசவில்லை. அட்டவணையில் குறை பூஜ்யம். கணவாய் இன்றோ நாளையோ மூடும் என்ற நிலை. ஒரே ஒரு வண்டிதான் கையில் இருந்தது. அது ஐந்தாம் சாவடிக்கு என்று அட்டவணை சொன்னது. ஒன்பதுக்கு என்று என் கையெழுத்துப் போட்டேன். ஓட்டுநர் மேல் பழி வரக் கூடாது என்று நானும் ஏறிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஆயிற்று. கடைசி மூன்று மைலுக்குப் பனியை வெட்டிக்கொண்டே போனோம். வழியெல்லாம் ஏழாம் சாவடியின் கதவைத் திறந்த அன்று பார்த்ததுதான் கண்ணில் நின்றது. ஒன்பதின் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

கதவு திறந்தது. உள்ளே பத்துத் தடியன்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான்கள். மாவு நாற்பது நாளுக்கு இருக்கிறது. மண்ணெண்ணெய் தாராளம். வயர்லெஸ் செட்டின் மேல் ஒருத்தன் துவைத்த காலுறையைக் காயப்போட்டிருக்கிறான். "என்ன சார், திடீர்னு?" என்றான்.

அக்கா, எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பத்துப் பேரையும் ஒவ்வொருவராக எண்ணினேன். பத்தும் இருந்தது. மறுபடி எண்ணினேன். பிறகு அந்தக் காலுறைக்காரனை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அன்றே பனி வழியை மூடிவிட்டது. வழியை வெட்டித் திறக்கும் வரை பன்னிரண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டு கிடந்தேன். அதனால்தான் உனக்குப் பதில் இல்லை.

இறங்கி வந்ததும் வாசலில் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். கூடவே குற்றப்பத்திரிகையையும் கொடுத்தார்கள். 'அட்டவணையில் குறை இல்லாதபோது வண்டியை அனுப்பியது ஏன்?' என்று கேள்வி. முழுப் பக்கம் விட்டிருந்தார்கள். 'பதில் வரவில்லை. அதனால் அனுப்பினேன்' என்று எழுதினேன். வீணாகப் போன பயணம் என்பதை ஒப்புக்கொள்கிறாயா என்று வாய்மொழியாகக் கேட்டார்கள். "ஆமா சார், வீணாத்தான் போச்சு. அடுத்த வாரமும் போகும்" என்றேன்.

கீழே இடம் மிச்சம் இருந்தது. அதில் அந்தப் போன் பேச்சை எழுதினேன். நான் கேட்டேன், அக்கா சொன்னாள், ஆனால் இன்ஜினை அணைத்தது என் கை, அதை மறைத்ததும் நான்தான், வயர்லெஸ்காரர் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த அதிகாரி என்று இனி உன்னை யாரும் கேட்க வேண்டியதில்லை. நான்தான் அந்த அதிகாரி. இங்கே வரை வந்து சேர்ந்த உன் மேடைப் பேச்சும் இதுவும் சேர்ந்து பழைய விசாரணையை மறுபடி திறக்க வைத்திருக்கிறது. நவம்பர் பதினொன்றாம் தேதி அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோட்டைக் கேட்டதற்கு, வேண்டுமானால் கடைக்கு வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம். சபாஷ்.

பதவி உயர்வு போயிற்று. விசாரணை முடியும் வரை டிப்போவும் என்னிடம் இல்லை. இன்று மதியம் புது ஆளிடம் சாவியைக் கொடுத்தேன். சின்னப் பெண், கேப்டன், போன மாதம்தான் இங்கே வந்தாள். கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், ஏழாம் சாவடி எட்டு நாளா பேச மாட்டேங்குது. அட்டவணை பூஜ்யம்னு சொல்லுது. வண்டி ஒண்ணு லோடு ஏத்தி ரெடியா இருக்கு. என்ன சார் பண்றது?"

அக்கா, நான் அன்று உன்னிடம் கேட்ட அதே கேள்வி. வெளியே இன்ஜின் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. எனக்கு அங்கே ஆணையிட அதிகாரம் இல்லை. உன் இரண்டு வரியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எடுத்து மேசை மேல் வைத்தேன். "நான் உனக்கு உத்தரவு போட முடியாதும்மா. ஆனா நான் ஒரு தடவை அந்த இன்ஜினை அணைச்சிருக்கேன்" என்றேன்.

அவள் படித்தாள். பிறகு அட்டவணையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தானும் அதில் ஏறிவிட்டாள் பைத்தியக்காரி.

மேலே என்ன பார்ப்பாள் என்று தெரியாது. அங்கேயும் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கலாம். இருக்கட்டும்.

பதினொன்றாம் தேதிக்கு அடுத்த திங்கட்கிழமை புறப்பட்டு வீட்டுக்கு வருகிறேன், அம்மாவிடம் சொல். அதற்கு முன்னால் பதில் எழுது. எழுதாவிட்டால் நீ நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன், ஞாயிற்றுக்கிழமையே வந்து கதவைத் தட்டுவேன்.

ஒட்டடைக்குச்சி